காவல்காரனைக் கொன்ற மருந்து!

நோயை விரட்ட அடித்த மருந்தே நோயைக் கூட்டிக்கொண்டு வருமா? வரும்! மண்ணுக்குள்ளே நடக்கும் அந்த விந்தையான போரின் கதை இது.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகும் சாலை.

பொழுது விடிந்தும் விடியாத நேரம். தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகப் போகின்றன. புத்தம்புதுக் கார்களை முதுகில் சுமந்துகொண்டு நீண்ட லாரிகள் நகர்கின்றன. 1998-ம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகத் தொடங்கின. ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற ஸ்ரீபெரும்புதூர், இன்று உலகம் அறிந்த தொழில் நகரம்.

ஆனால் அந்தச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் வேறு காட்சி.

ஏரிக்கரை. பனைமரங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்களில் நெல் விளையும் பூமி. மேட்டு நிலத்தில் மணிலா. பட்டணத்தார் வேர்க்கடலை என்பதை இந்தப் பக்கத்து மக்கள் மணிலா என்றும், மல்லாட்டை என்றும் சொல்வார்கள்.

தொழிற்சாலைச் சுவரின் ஓரத்திலும் ஏர் ஓடிய நிலம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

சாய்ந்த செடி

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். மனைவி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். நிலம் ஒரே ஒரு ஏக்கர். கம்மலை அடகு வைத்து விதை வாங்கி மணிலா போட்டிருக்கிறார்கள். அறுவடைப் பணத்தில் கம்மலை மீட்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் சம்பளமும் கட்ட வேண்டும்.

இலையில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி விழுந்தது. இதற்கு ‘டிக்கா’ நோய் என்று பெயர். மணிலா பயிரிடுகிற எல்லாருக்கும் பழகிய நோய்தான். கணவன் கடைக்குப் போனான். மருந்து வாங்கி வந்தான். லீவு நாளில் அடித்தான். புள்ளி நின்றது. இலை பச்சைப் பசேல் என்று இருந்தது. மறுபடியும் ஒரு முறை அடித்தான்.

சில வாரங்கள் போயின.

“என்னங்க, நாலு செடி சாஞ்சு கிடக்கு. இலையில ஒரு புள்ளி இல்ல. ஆனா செடி வாடுது” என்றாள் மனைவி.

பிடுங்கிப் பார்த்தார்கள். தண்டின் அடிப்பாகத்தில் வெள்ளை நூல் சுற்றியதுபோல் பூசணம். அதன் மேல் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். விழுது அழுகியிருந்தது. காயும் அழுகியிருந்தது.

மருந்துக் கடைக்கு ஓடினான். “அண்ணே, நீங்க கொடுத்த மருந்தைத்தானே அடிச்சேன்? இலை நல்லா இருக்கு. செடி சாயுதே!”

கடைக்காரர் என்ன சொல்வார்? இன்னொரு மருந்தை எடுத்துக் கொடுப்பார்!

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் வயலில் நடந்தது கற்பனை அல்ல. இதே விபரீதம் அமெரிக்காவில் மணிலா வயல்களில் நடந்தது. விஞ்ஞானிகள் அதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதைப் பார்ப்பதற்கு முன்பு, மண்ணுக்குள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்து விடுவோம்.

ஒரு சிட்டிகை மண்

ஒரு சிட்டிகை மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். வெறும் மண்ணாகத்தான் தெரியும்.

ஆனால் வளமான மண்ணில், ஒரே ஒரு கிராமில், கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வசிக்கின்றன! அவற்றோடு பூஞ்சாணங்கள் வேறு. பூஞ்சாணம் என்பது புதுப் பொருள் அல்ல. ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளையாகப் படர்கிறதே, பழைய ரொட்டியில் பச்சையாகப் பூக்கிறதே, அதன் இனம்தான்.

இவற்றில் பெரும்பாலானவை சாதுக்கள். இலை தழைகளை மக்க வைத்து உரமாக்குகின்றன. பயிரின் வேருக்குத் துணையாக இருக்கின்றன.

சில மட்டும் திருடர்கள். வேரை அழுகச் செய்யும். தண்டை அரிக்கும். நாற்றை ஒரே இரவில் சாய்த்துவிடும். வேரழுகல், தண்டழுகல், நாற்றழுகல், வாடல் நோய் என்று விவசாயிகள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தத் திருடர்களின் வேலைதான். காற்றில் வருகிற நோய் அல்ல இது. மண்ணிலேயே குடியிருக்கும் நோய். பயிர் இல்லாத காலத்தில் கடுகு போன்ற உருண்டைக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். மறுபடி விதை விழுந்ததும் விழித்துக்கொள்ளும்.

இந்த மண்வழி நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் டி.எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் இதிலேயே மூழ்கியிருந்தார்கள். பருத்திச் செடியை வாட வைக்கும் மண் பூஞ்சாணம், செடிக்குள்ளே விஷத்தைக் கக்குகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் ஒரு கேள்வி எழும். திருடர்கள் எப்போதும் மண்ணில் இருக்கிறார்கள். பிறகு எல்லாப் பயிரும் எல்லா வருஷமும் ஏன் அழியவில்லை?

காவல் இருக்கிறது!

பச்சைக் காவல்காரன்

அந்தக் காவல்காரர்களில் ஒருவனுக்கு ‘டிரைக்கோடெர்மா’ என்று பெயர். அவனும் ஒரு பூஞ்சாணம்தான். வளர்ந்தால் பச்சை நிறமாகப் படருவான். பயிருக்குத் தீங்கு செய்யமாட்டான். மற்ற பூஞ்சாணங்களைத்தான் பிடித்துத் தின்பான்!

1932-ம் ஆண்டில் வைண்ட்லிங் என்ற விஞ்ஞானி இதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். நோய் உண்டாக்கும் பூஞ்சாணத்தின் இழையை டிரைக்கோடெர்மாவின் இழை கயிறுபோல் சுற்றிக்கொள்கிறது. பிறகு அதன் சத்தை உறிஞ்சிவிடுகிறது. மலைப்பாம்பு ஆட்டைச் சுற்றுவதுபோல!

டிரைக்கோடெர்மாவைப்போல இன்னும் பல காவல்காரர்கள் மண்ணில் உண்டு. சிலர் திருடனைத் தின்பார்கள். சிலர் திருடனுக்கு எதிராக விஷத்தைச் சுரப்பார்கள். சிலர் திருடன் தின்ன வேண்டிய தீனியை முன்னாடியே தின்று தீர்த்து அவனைப் பட்டினி போடுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் காவலாளி நிற்கிறார். இரவு பகலாக நிற்கிறார். அவர் நிற்பதால் என்னென்ன திருட்டு நடக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அவர் ஒரு நாள் இல்லாவிட்டால்தான் தெரியும்.

மண்ணிலும் அப்படித்தான் நடந்தது.

அலபாமா வயலில் ஒரு மர்மம்

1960-களின் கடைசியில் ‘பெனோமில்’ என்ற பூஞ்சாண மருந்து உலகச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்த மருந்துகள் பெரும்பாலும் இலையின் மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவோ செடிக்குள்ளே ஊடுருவிப் பாயும். கொஞ்சம் போதும். பலன் அதிகம். விவசாயிகள் கொண்டாடினார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம் மணிலாவுக்குப் பெயர் போனது. அங்கேயும் இலைப்புள்ளி நோய்க்கு பெனோமில் அடித்தார்கள். இலைப்புள்ளி அருமையாகக் கட்டுப்பட்டது.

ஆனால் அடித்தண்டு அழுகும் நோய் அதிகமாகியது! ‘ஸ்கிளிரோஷியம்’ என்ற மண் பூஞ்சாணம் உண்டாக்கும் நோய் அது. வெள்ளை நூலும், கடுகு உருண்டையும் அதன் அடையாளம். நம்முடைய கற்பனைக் குடும்பத்தின் வயலில் பார்த்தோமே, அதே திருடன்தான்.

1975-ம் ஆண்டில் அலபாமா விஞ்ஞானிகள் இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள்.

இதன் ரகசியம் என்ன?

இலையில் அடித்த மருந்து சொட்டுச் சொட்டாக வழிந்து மண்ணில் இறங்குகிறது. அங்கே டிரைக்கோடெர்மா இருக்கிறது. பெனோமில் பட்டால் டிரைக்கோடெர்மாவால் தாங்க முடியாது. ஆனால் ஸ்கிளிரோஷியத்துக்கு அந்த மருந்து அவ்வளவாக உறைக்காது. காவல்காரன் விழுந்தான். திருடன் நின்றான். கதவு திறந்து கிடந்தது!

மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. இலைப்புள்ளியை ஒழிக்கச் சொன்னார்கள். ஒழித்தது. ஆனால் அது அதோடு நிற்கவில்லை.

காராமணிக்கும் அதே கதி

அதே 1975-ம் ஆண்டில், ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் இருந்து இன்னொரு செய்தி வந்தது.

அங்கே காராமணிப் பயிருக்கு பெனோமிலும் அதன் இனத்து மருந்துகளும் அடித்தார்கள். காராமணியில் தண்டழுகல் அதிகமாகியது. இந்தத் தடவை திருடனின் பெயர் ‘பித்தியம்’.

பித்தியம் ஒரு வேஷக்காரன். பார்ப்பதற்குப் பூஞ்சாணம் மாதிரியே இருக்கும். ஆனால் அது உண்மையான பூஞ்சாணம் அல்ல. உறவு முறையில் பாசி இனத்துக்கு நெருங்கியது. ஆகவே பூஞ்சாணத்தைக் கொல்லும் பெனோமில் அதை ஒன்றும் செய்யாது. பித்தியத்தோடு போட்டி போடும் மற்றப் பூஞ்சாணங்கள்தான் அடிபடும். போட்டி இல்லாத கடைக்கு வியாபாரம் பெருகுவதுபோல், பித்தியம் பெருகியது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்று திடீரென்று அடியோடு சாய்கிறதே, அந்த நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் பித்தியம்தான் காரணம். அதற்குப் போய் பெனோமில் இனத்து மருந்தை ஊற்றினால் என்ன ஆகும்? பணமும் போகும். நாற்றும் போகும்.

பெனோமில் இப்போது இந்தியாவில் இல்லை. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு தடை செய்த 18 மருந்துகளின் பட்டியலில் பெனோமிலும் இருந்தது. மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து என்ற கோணத்தில் வந்த தடை அது.

“அப்படியானால் கவலை தீர்ந்தது” என்று நினைக்க வேண்டாம். பெனோமில் மண்ணிலும் செடியிலும் உடைந்து ‘கார்பெண்டாசிம்’ என்ற மருந்தாக மாறுகிறது. அந்த கார்பெண்டாசிம் தனி மருந்தாகவே நம் கடைகளில் விற்பனையாகிறது. மணிலா இலைப்புள்ளிக்குச் சிபாரிசு செய்யப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அதைக் கண்டாலும் டிரைக்கோடெர்மாவுக்கு ஆகாது.

களைக்கு அடித்தது, பயிருக்கு வந்தது

பூஞ்சாண மருந்தால்தான் இந்தத் தொல்லை என்று எண்ணக்கூடாது. களைக்கொல்லியாலும் வரும்.

‘கிளைபோசேட்’ என்ற களைக்கொல்லியை அறியாத விவசாயி அபூர்வம். அது செடியை எப்படிக் கொல்கிறது? 1984-ம் ஆண்டில் கனடா நாட்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள்.

பீன்ஸ் நாற்றுகளை இரண்டு வகை மண்ணில் வளர்த்தார்கள். ஒன்று சாதாரண மண். மற்றொன்று சூடாக்கிக் கிருமி நீக்கிய மண். இரண்டுக்கும் ஒரே அளவு கிளைபோசேட் கொடுத்தார்கள். சாதாரண மண்ணில் இருந்தவை செத்தன. கிருமி இல்லாத மண்ணில் இருந்தவையோ குன்றிப்போய் நின்றன, சாகவில்லை!

மருந்து செடியின் எதிர்ப்புச் சக்தியைப் பறித்துவிடுகிறது. பிறகு மண்ணில் உள்ள பித்தியம் முதலான திருடர்கள் வேருக்குள் புகுந்து கதையை முடித்துவிடுகின்றன. கையைக் கட்டிப்போடுவது மருந்து. அடித்துக் கொல்வது கிருமி!

களைதானே சாகிறது, சாகட்டும் என்று சொல்லலாம். ஆனால் சாகும் களையின் வேர் அந்தக் கிருமிகளுக்கு விருந்து. விருந்து உண்டு கொழுத்த கிருமி, பக்கத்தில் அடுத்த பயிரின் இளம் வேர் வந்ததும் அதன் மேல் பாய்கிறது.

1992-ம் ஆண்டில் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் பார்லி வயல்களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். களைக்கொல்லி அடித்த இரண்டு, மூன்று நாளில் விதைத்தால் வேரழுகல் கடுமையாக வந்தது. விளைச்சல் குறைந்தது. சுமார் மூன்று வாரம் பொறுத்து விதைத்தால் நோய் குறைந்தது. அதற்குள் களையின் வேர் மக்கிவிடுகிறது. விருந்து முடிந்து கிருமியின் கூட்டமும் கலைந்துவிடுகிறது.

சாகும் களையில் இருந்து முளைக்கும் பயிருக்குக் கிருமி நடந்துபோவதால், விஞ்ஞானிகள் இதைப் ‘பச்சைப் பாலம்’ என்று அழைக்கிறார்கள். அந்தப் பாலத்தை உடைக்கப் பணம் செலவில்லை. பொறுமை ஒன்றே போதும்.

சுத்தம் செய்த மண்ணில் சோகம்

“எல்லாக் கிருமியையும் ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் என்ன? திருடனும் இல்லை, காவல்காரனும் வேண்டாம்” என்று சிலர் கேட்கலாம்.

அதையும் செய்து பார்த்தார்கள்.

அமெரிக்காவில் ஆரஞ்சு, எலுமிச்சை இனத்து நாற்றங்கால்களில் விஷப்புகை செலுத்தி மண்ணைச் சுத்தம் செய்தார்கள். சுத்தமான மண்ணில் நாற்று துள்ளி வளரும் என்று எதிர்பார்த்தார்கள். நாற்றுகளோ வளராமல் குட்டையாக நின்றன. விஷம் மண்ணில் மிச்சம் இருக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது.

1972-ம் ஆண்டில் உண்மை தெரிந்தது. அந்த நாற்றின் வேருக்குள் வாழ வேண்டிய ஒரு நல்ல பூஞ்சாணம் புகையில் அழிந்துபோயிருந்தது. அதற்கு வேர் உட்பூசணம் என்று பெயர். வேர் எட்டாத இடத்தில் இருக்கும் மணிச்சத்தை எடுத்து வந்து செடிக்கு ஊட்டுவது அதன் வேலை. ஊட்டுகிற கை இல்லாமல் பிள்ளை பட்டினி கிடந்தது!

சுத்தம் செய்த மண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. காலி வீட்டில் யார் முதலில் நுழைகிறானோ அவனுக்குத்தான் வீடு. பித்தியம்போல வேகமாக வளரும் கிருமி முதலில் நுழைந்துவிட்டால், எதிர்க்க ஆள் இல்லாமல் அது முழு மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

வயிற்றுக்கும் இப்படித்தான் நடக்கிறது. காய்ச்சலுக்குக் கடுமையான மாத்திரையைச் சில நாள் விழுங்கினால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறதல்லவா? குடலில் உள்ள நல்ல கிருமிகளும் மாத்திரையில் செத்துவிடுவது அதற்கு ஒரு காரணம். மருந்தால் மனிதனுக்கு நோய் வருவதுபோல, மருந்தால் பயிருக்கும் நோய் வருகிறது.

மருந்து வில்லன் அல்ல

இத்தனையும் படித்துவிட்டு, மருந்தே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

மண்ணுக்குள் மருந்து செய்த விசித்திர உபகாரமும் உண்டு. கலிபோர்னியாவில் ஆரஞ்சு மரங்களின் வேரை ‘ஆர்மில்லேரியா’ என்ற பூஞ்சாணம் அழுகச் செய்தது. மண்ணில் கார்பன் டை சல்பைடு என்ற விஷத் திரவத்தைச் செலுத்தினார்கள். பூஞ்சாணம் ஒழிந்தது. விஷம் நேரடியாகக் கொன்றதாகவே எல்லாரும் நம்பினார்கள்.

1951-ம் ஆண்டில் பிளிஸ் என்ற விஞ்ஞானி வேறு உண்மையைக் கண்டார். விஷத்தால் ஆர்மில்லேரியா பலவீனம்தான் அடைந்தது. விஷத்தைத் தாங்கிக்கொண்ட டிரைக்கோடெர்மா அந்தச் சமயம் பார்த்துப் பெருகி, ஆர்மில்லேரியாவின் மேல் பாய்ந்து அதை ஒழித்தது!

அங்கே விஷம் திருடனை மயக்கியது, காவல்காரன் பிடித்தான். அலபாமாவில் விஷம் காவல்காரனை வீழ்த்தியது, திருடன் நுழைந்தான். இரண்டு இடத்திலும் பயிரின் தலைவிதியைத் தீர்மானித்தது காவல்காரன்தான்.

ஆகவே “இந்த மருந்து எந்த நோயைக் கொல்லும்?” என்று மட்டும் கேட்டால் போதாது. “இது வேறு யாரையெல்லாம் கொல்லும்?” என்றும் கேட்க வேண்டும்.

இங்கே ஏன் இந்தப் பேச்சு?

தொழிற்சாலைகள் வந்த பூமியில் விவசாயத்துக்கு இரண்டு பஞ்சம். ஒன்று ஆள் பஞ்சம். மற்றொன்று நேரப் பஞ்சம்.

களை எடுக்கப் பத்து ஆள் கூப்பிட்டால் இரண்டு ஆள் வருவது கஷ்டம். நிலத்துக்காரனே ஷிப்டு முடிந்து, தூக்கக் கண்ணோடுதான் வயலுக்குப் போகிறான். இலையை நிதானமாகப் பார்க்க நேரம் இல்லை. வேரைப் பிடுங்கிப் பார்க்க நேரம் இல்லை. இருக்கிற ஒரு லீவு நாளில் களைக்கொல்லியையும் அடித்து, விதையையும் போட்டுவிட வேண்டும். ஒரு மருந்துக்கு இரண்டு மருந்தாகக் கலந்து அடித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரத்தில்தான் காவல்காரன் சாகிறான்.

பல ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு மூலையில் பத்துச் செடி சாய்ந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரே ஏக்கரை நம்பிக் கம்மலை அடகு வைத்த குடும்பத்துக்கு அப்படியா?

இன்னும் ஒன்று. இலைநோய் ஒரு பட்டத்தோடு போய்விடலாம். மண்ணில் விழுந்த கடுகு உருண்டையோ வருஷக்கணக்கில் உறங்கும். இந்த வருஷம் செய்த தவறுக்கு அடுத்தடுத்த வருஷங்களிலும் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலில் நோயை அறிய வேண்டும். வாடிய செடியை வேரோடு பிடுங்கி, மண் ஒட்டியபடியே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். இந்தப் பக்கத்தாருக்குக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. என்ன நோய் என்று தெரியாமல் அடிக்கும் மருந்து, இருட்டில் எறியும் கல். திருடன் மேலும் படலாம். காவல்காரன் மேலும் படலாம்.

இரண்டாவது, காவல்காரனை நாமே கூட்டி வரலாம். டிரைக்கோடெர்மா விரிடி இப்போது பொட்டலத்தில் கிடைக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மணிலா விதைக்கு இதைச் சிபாரிசு செய்கிறது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்க வேண்டும். மண்ணில் போடுவதானால் ஏக்கருக்கு 1 கிலோ. அதை 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து தூவ வேண்டும்.

மூன்றாவது, மிகவும் முக்கியமானது. காவல்காரனையும் விஷத்தையும் ஒரே பையில் போடக்கூடாது! கார்பெண்டாசிம் போன்ற பூஞ்சாண மருந்து கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவைக் கலப்பது வீண் செலவு. இரண்டில் ஒன்றைத்தான் கலக்க வேண்டும். ரைசோபியம் என்ற உயிர் உரத்தோடு டிரைக்கோடெர்மா ஒத்துப்போகும். முதலில் டிரைக்கோடெர்மா, பிறகு ரைசோபியம்.

நான்காவது, காவல்காரனுக்குச் சோறு போட வேண்டும். தொழு உரமும், மக்கிய குப்பையும்தான் அவனுக்குச் சாப்பாடு. வெறும் மண்ணில் காவல்காரனை இறக்கிவிட்டுச் சோறு போடாவிட்டால் அவன் எத்தனை நாள் நிற்பான்?

ஐந்தாவது, களைக்கொல்லி அடித்தால் உடனே விதைக்காமல், களை காய்ந்து வேர் மக்கும் வரை இடைவெளி விடுவது நல்லது.

ஆறாவது, மணிலா போட்ட நிலத்திலேயே மறுபடி மறுபடி மணிலா போடக்கூடாது. நடுவில் நெல் போன்ற வேறு பயிர் வந்தால் திருடனுக்குத் தீனி குறையும். கோடை உழவு ஆழமாக உழுதால் மேலே கிடக்கும் கடுகு உருண்டையும் சருகும் அடியில் புதையும். அழுகிய செடியை வரப்பில் எறியாமல் அகற்றி அழித்துவிட வேண்டும்.

மருந்து அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் சீட்டில் போட்ட அளவு மட்டும். “ஒரு மூடி கூடப் போட்டால் என்ன?” என்பது ஆகாது. அந்தக் கூடுதல் மூடி இலையில் தங்காது, மண்ணுக்குத்தான் போகும்.

வீட்டு மாடியில் தொட்டி வைத்துக் கீரையும் தக்காளியும் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். தொட்டி மண்ணும் ஒரு சிறிய ஊர். அங்கேயும் திருடன் உண்டு, காவல்காரனும் உண்டு.

மறுபடி அந்த வயல்

அந்தக் குடும்பத்தை மறந்துவிடவில்லையே?

சாய்ந்த செடி சாய்ந்ததுதான். அதை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது. அழுகிய செடிகளைப் பிடுங்கி அகற்றிவிட்டு, நின்ற செடிகளைக் காப்பாற்றி அறுவடை செய்ய வேண்டியதுதான். கம்மல் இன்னும் ஒரு பட்டம் கடையிலேயே இருக்கும்.

ஆனால் அடுத்த பட்டத்துக்கு அவர்கள் வேறு மாதிரி தயாராகலாம். இந்த முறை நெல். அதற்கு அடுத்து மணிலா. அதற்கு முன்பு மாட்டுச் சாணமும் குப்பையும் மக்கி, அதில் பச்சைக் காவல்காரன் படர்ந்திருப்பான். விதைக்கும் நாளில் கணவன் ஒரு நாள் லீவு கேட்பான். மனைவி விதையில் டிரைக்கோடெர்மாவைப் பிசறி நிழலில் உலர்த்தி வைத்திருப்பாள்.

அந்த வயலுக்கு எதிரே தொழிற்சாலையின் இரும்பு வாசல். அங்கே இரவெல்லாம் விளக்கு எரிகிறது. காவலாளி விழித்திருக்கிறார்.

இந்தப் பக்கம் வயலில் விளக்கு இல்லை. சீருடை இல்லை. சம்பளமும் இல்லை. ஆனாலும் மண்ணுக்குள்ளே ஒரு காவல்காரன் விழித்திருக்கிறான்.

அவனை நாம் கொல்லாமல் இருந்தால் போதும்!